சீட்டில் மீன் இல்லை

ஆர்டிஸ் பாக்கன் வருடத்துக்கு நாற்பது தடவை தன் அம்மாவின் கல்லறைக்கு வந்துபோகிறாள் என்று பாஸ்டர் இங்க்விஸ்ட் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்திலேயே சொல்லிவிட்டார். பெற்றவர்களை மறந்து திரிகிற இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மகளா என்று சபை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. ஆர்டிஸ் தலையைக் குனிந்துகொண்டாள். அடக்கம் என்று எல்லாரும் நினைத்தார்கள். உண்மையில் திருட்டு முழியை மறைக்க அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

கல்லறைத் தோட்டத்துக்குப் பின்னால் ஒரு வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் ஸ்கோகன் நிலம். முந்நூற்று இருபது ஏக்கர் மலைச்சரிவும் ஓக் காடும், நடுவில் வளைந்து வளைந்து ஓடுகிற ஓடையும். பிள்ளையில்லாத கிழவர் ஸ்கோகன் சாகும்போது அதை நிலக்காப்பு அறக்கட்டளைக்கு எழுதிவைத்தார். வீடு கட்டக் கூடாது, விற்கக் கூடாது, உழக் கூடாது. ஆனால் யார் வேண்டுமானாலும் நடந்து உள்ளே போகலாம், வேட்டையாடலாம், மீன் பிடிக்கலாம், எவனிடமும் கையைக் கட்டிக்கொண்டு அனுமதி கேட்க வேண்டியதில்லை. ‘மக்கள் பயன்படுத்தும் வரை’ என்று பத்திரத்தில் மூன்று வார்த்தை. அந்த மூன்று வார்த்தையில்தான் பின்னால் எல்லா வம்பும் வந்தது.

சாலையோரம் எட்டு வண்டி நிற்க இடம். அங்கே ஒரு கம்பத்தில் மரப்பெட்டி, நூலில் கட்டிய பென்சில், ஒரு கட்டுச் சீட்டு. பெயர், ஊர், எதற்கு வந்தாய், என்ன கிடைத்தது என்று சீட்டில் கேட்டிருக்கும். ஒரு பாதியைக் கிழித்து வண்டிக் கண்ணாடிக்குள் வைத்துவிட்டுப் போக வேண்டும். திரும்பி வரும்போது மறுபாதியை நிரப்பிப் பெட்டியில் போட வேண்டும். அவ்வளவுதான் சட்டம்.

பதினோரு வருடத்தில் ஆர்டிஸ் ஒரு சீட்டுகூட எழுதியதில்லை. வண்டியைக் கல்லறைத் தோட்டத்தில் விடுவாள். மழைக்கோட்டுக்குள் தூண்டில், கையில் ஒப்புக்கு ஒரு பிளாஸ்டிக் பூங்கொத்து. அம்மாவுக்கு அதை வைத்துவிட்டு ஒரே தாவல், வேலிக்கு அந்தப் பக்கம். திரும்பி வரும்போது பூங்கொத்தை எடுத்துக்கொண்டுவிடுவாள், அடுத்த தடவைக்கு வேண்டுமே.

எங்கள் பள்ளத்தாக்கில் ஒருவனிடம் வயதைக் கேட்கலாம், சம்பளத்தைக் கேட்கலாம், பெண்டாட்டி ஏன் போய்விட்டாள் என்றுகூடக் கேட்கலாம். மீனை எங்கே பிடித்தாய் என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் “மேல” என்பான், இல்லாவிட்டால் “கீழ” என்பான். ரெண்டும் பொய்யாக இருக்கும். நல்ல இடம் ஒன்றைக் கண்டுபிடித்தவன் அதைத் தன்னோடு குழிக்குள் கொண்டுபோக வேண்டும் என்பது இங்கே எழுதாத சட்டம். அதில் ஆர்டிஸ் மற்றவர்களைவிட ஒருபடி கூடுதல் உத்தமி.

அவளுடைய இடம் மூன்றாவது வளைவு. அங்கே ஒரு எல்ம் மரம் ஓடைக்குக் குறுக்கே விழுந்து கிடக்கிறது. அதன் அடியில், கரையைத் தண்ணீர் அரித்த இருட்டில், ஒரு பழுப்பு டிரவுட் மீன் இருந்தது. மூன்று வருடத்தில் மூன்று முறை அது அவள் தூண்டிலில் மாட்டி, மூன்று முறையும் தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டு போயிருந்தது. நவம்பர் வந்தால் அதே நிலத்தின் மேட்டில், ஒரு ஓக் மரத்தடியில், வேட்டைக்காரர்கள் போடுகிற ஆரஞ்சுச் சட்டையோடு மானுக்குக் காத்திருப்பாள். ஒரு மான் கிடைத்தால் குளிர்காலம் முழுக்க அவளுக்கு இறைச்சிக் கவலை இல்லை.

அவளுக்கு வேறு இடம் கிடையாது. அப்பாவின் பண்ணை அவளுக்குப் பத்தொன்பது வயதாகும்போதே விலைபோய்விட்டது. சுற்றியுள்ள மலைகளையெல்லாம் பட்டணத்துக்காரர்கள் வேட்டைக்கென்று குத்தகை பிடித்து, மரத்துக்கு மரம் ‘நுழையாதே’ என்று பலகை அடித்துவிட்டார்கள். ஆர்டிஸ் ஐம்பத்தாறு வயதில் தானியக் கிடங்கின் எடைமேடையில் வேலை செய்கிறாள், இரும்புச் சாமான் கடை மாடியில் குடியிருக்கிறாள். ஒரு பூந்தொட்டியை நிரப்புகிற மண்கூட அவள் பெயரில் இல்லை. துப்பாக்கியையோ தூண்டிலையோ எடுத்துக்கொண்டு அவள் தைரியமாகக் கால் வைக்கக்கூடிய ஒரே இடம் ஸ்கோகன் நிலம்தான்.

மார்ச் மாதம் தபால் நிலையப் பலகையில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். ஸ்கோகன் நிலத்தின் பயன்பாட்டைப் பற்றி வியாழக்கிழமை மாலை ஊர் மண்டபத்தில் கூட்டம். சென்ற ஆண்டு பெட்டியில் விழுந்த சீட்டுகள் மொத்தம் பதினொன்று. மக்கள் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை. ஆகவே வேட்டையையும் மீன்பிடிப்பையும் நிறுத்திவிட்டு, வருடத்தில் இரண்டு நாள் வழிகாட்டியோடு நடைப்பயணம் மட்டும் வைக்கலாம் என்று யோசனை.

ஆர்டிஸ் அதை மூன்று முறை படித்தாள். 

நேராகக் காபிக் கடைக்குப் போனாள். அங்கே மெர்ல் ஷ்வென் வறுத்த முட்டையும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எழுபது வயது, ஓய்வுபெற்ற வெல்டர். இடது பூட்ஸின் குதிகாலில் ஒட்டுப்போட்டவர். அந்த ஒட்டின் தடத்தை ஆர்டிஸ் எத்தனையோ முறை ஓடைச் சேற்றில் பார்த்திருக்கிறாள்.

“மெர்ல், ஸ்கோகன் நிலத்தை மூடப் போறாங்களாம், பாத்தீங்களா?”

“அப்படியா? நான் அந்தப் பக்கமே போறதில்லையே.”

“உங்க பூட்ஸ் மட்டும் தனியா போயிட்டு வருதா?”

மெர்ல் குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தார். பிறகு நிதானமாக முட்டையைப் பார்த்தார். “இந்த மாதிரி பூட்ஸ் ஊர்ல நிறையப் பேர் போடுறாங்க” என்றார்.

அடுத்து தம்பி வெர்லின். பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் எடுத்துவருகிற டாங்கர் லாரி ஓட்டுபவன். அவனைப் பார்க்க அவன் வீட்டுக்கே போனாள்.

“ஸ்கோகன் ஓடையா?” என்றான் வெர்லின். “அதுல தவளைகூடக் கிடையாது. மூடினா மூடட்டும். உனக்கென்ன வந்துச்சு?”

“எனக்கு ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்.”

தம்பியின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. ஆர்டிஸ் அவனை நம்பினாள். அவனும் அவளை நம்பியது மாதிரிதான் தெரிந்தது.

வியாழக்கிழமை மண்டபத்தில் நாற்பது பேருக்கு மேல் இருந்தார்கள். எல்லார் தலையிலும் தொப்பி, எல்லார் கையிலும் காபி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அறக்கட்டளையின் சார்பில் கிரெட்சென் என்று ஒரு பெண் வந்திருந்தாள். முப்பது வயது இருக்கும், நல்ல பெண். பக்கத்தில் டாக்டர் ஹாலோரன் உட்கார்ந்திருந்தார். பட்டணத்தில் பல் வைத்தியம் பார்த்துவிட்டு, ஸ்கோகன் நிலத்தை ஒட்டி வீடு வாங்கி வந்தவர். நவம்பரில் துப்பாக்கிச் சத்தம் கேட்டால் தன் நாய் கட்டிலுக்கு அடியில் போய் ஒரு வாரம் வெளியே வருவதில்லை என்பது அவருடைய குறை. குறையில் பொய் இல்லை, அந்த நாயை நானும் பார்த்திருக்கிறேன்.

“நான் நேரடியாவே கேக்குறேன்” என்றாள் கிரெட்சென். “இங்க யாராவது அந்த நிலத்துக்கு வேட்டைக்கோ மீன் பிடிக்கவோ போறீங்களா?”

மண்டபத்தில் நாற்காலி கிரீச்சிடுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஒரு கை எழவில்லை. கையைத் தூக்கினால் பக்கத்து நாற்காலிக்காரனுக்குத் தெரிந்துவிடுமே. நாளைக்கு அவனும் அங்கே வந்து நிற்பானே. நிலம் மொத்தமும் போனாலும் பரவாயில்லை, என் வளைவு மட்டும் வெளியே தெரியக் கூடாது என்று நாற்பது பேரும் வாயில் கொழுக்கட்டையை அடைத்தது மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

ஆர்டிஸுக்குக் காது சுட்டது. இவர்கள் எல்லாரும் போகிறார்கள், அவளுக்குத் தெரியும். சேற்றில் தடம் பார்த்திருக்கிறாள், மரக்கிளையில் அறுந்த நரம்பு பார்த்திருக்கிறாள், மேட்டில் காலித் தோட்டாக்களைப் பொறுக்கியிருக்கிறாள். இவர்களோடு சேர்ந்து அவளும் ஊமையாக இருந்தால் நாளைக்கு ஆணி அடித்துப் பலகை மாட்டிவிடுவார்கள். கிரெட்சென் காகிதத்தில் ஏதோ எழுதப் பேனாவைத் திறந்தாள். அதைப் பார்த்ததும் ஆர்டிஸ் எழுந்துவிட்டாள். எழுந்த பிறகுதான் எழுந்ததே அவளுக்குத் தெரிந்தது.

“நான் போறேன். பதினோரு வருஷமா போறேன். வருஷத்துக்கு நாப்பது தடவை.”

பின்வரிசையில் பாஸ்டர் இங்க்விஸ்ட் நிமிர்ந்தார். “நாப்பது தடவையா?” என்றார்.

“மன்னிச்சிருங்க பாஸ்டர். அம்மாவையும் பாத்துட்டுத்தான் போவேன்.” அவள் மூச்சை இழுத்தாள். “மூணாவது வளைவு. விழுந்த எல்ம் மரத்துக்கு அடியில. பழுப்பு டிரவுட், இருபது அங்குலத்துக்குக் கொறையாது. மூணு தடவை என்னை ஏமாத்திட்டுப் போயிருக்கு.”

மண்டபம் ஒரு முறை மூச்சுவிட்டது. பிரசங்கத்துக்கு நடுவில் எழுந்து சட்டையைக் கழற்றியிருந்தால்கூட அப்படி அதிர்ந்திருக்க மாட்டார்கள்.  அவளுக்கு உள்ளுக்குள் ஒரு குஷி, குதிரை கட்டை அறுத்துக்கொண்டு ஓடுகிற மாதிரி. சொல்லியாகிவிட்டது, இனி இழுக்க முடியாது.

மெர்ல் மெதுவாக எழுந்தார். “ரெண்டாவது வளைவு” என்றார், தன் பூட்ஸிடம் சொல்வது போல. “செவ்வாய்க்கிழமை, வெள்ளிக்கிழமை. வண்டியை, காரே வச்சுக்காத அந்தக் குதிரைவண்டிக்காரங்களோட மரப்பட்டறையில விட்டுட்டுப் போவேன்.”

“ஏங்க, செவ்வாய்க்கிழமை முழங்கால் வலின்னு தெரபிக்குல்ல போறதா சொன்னீங்க” என்றாள் அவர் மனைவி.

அதற்குப் பிறகு மடை உடைந்தது. ஒருவன் மேட்டில் வான்கோழிக்கு உட்காருகிற இடத்தைச் சொன்னான். ஒருத்தி தன் மான் மரத்தைச் சொன்னாள், இன்னொருத்தன் அது தன் மரம் என்றான், இருவரும் வெவ்வேறு நாளில் ஒரே மரத்தடியில் ஒன்பது வருடம் உட்கார்ந்திருந்தது தெரியவந்தது. கடைசியில் வெர்லினும் எழுந்தான். பாலாடைக்கட்டி ஆலையில் லாரியைக் கழுவ விட்டுவிட்டு, அந்த ஒரு மணி நேரத்தில் போய்வருவானாம்.

“தவளைகூடக் கிடையாதுன்னு சொன்னியேடா” என்றாள் ஆர்டிஸ்.

“நீ அம்மா கல்லறைக்குப் போறேன்னு சொன்னியே. நான் அதை நம்பி அழுதிருக்கேன் தெரியுமா?”

மண்டபம் குலுங்கச் சிரித்தது. கிரெட்சென்கூடச் சிரித்துவிட்டாள், ஆனால் பிறகு பேனாவை மூடி வைத்தாள். “எனக்கு நம்பிக்கை வருது. ஆனா நிர்வாகக் குழு வாய்வார்த்தையை எடுத்துக்காது, காகிதம் கேக்கும். மே மாசம் முதல் சனிக்கிழமை டிரவுட் சீசன் ஆரம்பம். சனி, ஞாயிறு ரெண்டு நாள். எல்லாரும் முறையா வண்டியை நிறுத்தி, முறையா சீட்டு எழுதிப் போடுங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு நான் பெட்டியை எடுத்துக்கிட்டுப் போயிருவேன். அதுல என்ன இருக்கோ அதுதான் முடிவு.”

“அது நியாயம்” என்றார் டாக்டர் ஹாலோரன்.

மே முதல் சனிக்கிழமை காலை ஐந்து மணிக்குத் தூண்டில் போடலாம் என்பது சட்டம். நாலே முக்காலுக்கு ஆர்டிஸ் தன் பிக்கப் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தாள். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக முன்வாசல் வழியாக. போன நவம்பரில் அந்த மேட்டில் சுட்ட மானின் வால்மயிரை எடுத்து, நூலால் கட்டி, சின்ன மீன்குஞ்சு மாதிரி செய்த பொய்யிரை சட்டைப் பையில் இருந்தது. அதைக் கட்டுவதற்கே நாலு ராத்திரி ஆகியிருந்தது. 

எட்டு இடத்திலும் வண்டி நின்றது.

பலகையில் பெரிதாக எழுதியிருந்தது: இடம் நிரம்பினால் நிலம் நிரம்பியது, பிறகு வரவும். எட்டாவது வண்டி வெர்லினுடையது. அவன் இடுப்பளவு ரப்பர் காலுறையை மாட்டிக்கொண்டே அவளுக்குக் கையாட்டினான். “நீ வேணும்னா கல்லறைப் பக்கமா வாயேன்” என்று சொல்லிவிட்டு ஓடைப் பக்கம் ஓட்டமும் நடையுமாகப் போனான்.

அவளுக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. வேலி ஏற ஒரு நிமிடம் போதும். ஆனால் சாலைக்கு அந்தப் பக்கம் டாக்டர் ஹாலோரன் நாயைப் பிடித்துக்கொண்டு நின்று வண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஒன்பதாவது ஆள் வேலி தாண்டியதை அவர் பார்த்தால், நிலத்தை மூடச் சொல்ல அதுவே போதும். ஆர்டிஸ் வண்டியைக் கொண்டுபோய் வீட்டில் விட்டுவிட்டு நடந்து வந்தாள். வந்து பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். மீன் பிடிக்க முடியாவிட்டால் போகிறது, ஒருவன் சீட்டு எழுதாமல் தப்பக் கூடாது.

அன்று முழுக்க அதுதான் அவள் வேலை. ஒரு வண்டி கிளம்பும், சாலையில் காத்திருக்கும் வண்டி உள்ளே வரும். அக்கம்பக்கத்து மாவட்டங்களிலிருந்தெல்லாம் ஆள் வந்தார்கள், மண்டபத்தில் நடந்தது அங்கே வரை பரவியிருந்தது. “மூணாவது வளைவு எந்தப் பக்கம்?” என்று ஒருவன் அவளிடமே கேட்டான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வழி காட்டினாள். “சீட்டு எழுதிட்டுப் போங்க. பேர் புரியிற மாதிரி எழுதுங்க” என்றாள். எடைமேடையில் கோதுமைக்கும் சோளத்துக்கும் ரசீது எழுதி எழுதிப் பழகிய குரல், யாரும் எதிர்த்துப் பேசவில்லை. பென்சில் மூன்று முறை முனை மழுங்கியது, மூன்று முறையும் கத்தியால் சீவிக் கொடுத்தாள். சனிக்கிழமையும் போனது, ஞாயிறு மதியமும் போனது. அவள் தூண்டில் நனையவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கே கிரெட்சென் வந்துவிட்டாள். பெட்டியின் பூட்டைத் திறந்தாள். சீட்டுகள் பொலபொலவென்று வெளியே கொட்டின. எண்ணி முடித்ததும் அவள் முகம் மலர்ந்தது. “நூத்துப் பதினேழு” என்றாள். ஆர்டிஸுக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்தில் நின்ற மெர்லைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினாள்.

கிரெட்சென் சீட்டுகளைப் புரட்டினாள். புரட்டப் புரட்ட அவள் புருவம் சுருங்கியது.

“மீன், இல்லை. மீன், இல்லை. வான்கோழி, இல்லை. மீன், இல்லை.” நிமிர்ந்தாள். “ஆர்டிஸ், நூத்துப் பதினேழு பேர் வந்திருக்காங்க. ரெண்டு நாள்ல ஒருத்தருக்கு ஒரு மீன்கூடக் கெடைக்கலியா?”

டாக்டர் ஹாலோரன் எட்டிப் பார்த்தார். “மீனே இல்லாத ஓடைக்கு மீன்பிடி உரிமை எதுக்கு?” என்றார். அவர் குத்தலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

“குழுவுல இதைத்தான் முதல்ல கேப்பாங்க” என்றாள் கிரெட்சென். “வந்தவங்க சும்மா காத்து வாங்கத்தான் வந்தாங்கன்னா, அதுக்கு நடைப்பயணமே போதும்பாங்க. நான் என்ன பதில் சொல்றது?”

ஆர்டிஸ் திரும்பிப் பார்த்தாள். அங்கே ஏழெட்டுப் பேர் சாமானைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவனுடைய சட்டைக் கை முழங்கை வரை நனைந்திருந்தது, அதில் மீன் செதில் மினுமினுத்தது. ஒருவனுடைய ஐஸ் பெட்டியிலிருந்து வால் ஒன்று எட்டிப் பார்த்தது. எல்லாரும் ஒரே சமயத்தில் வானத்தில் மேகம் பார்த்தார்கள். பாவிகளா, வந்ததை ஒத்துக்கொண்டீர்கள், கிடைத்ததை ஒத்துக்கொள்ள மாட்டீர்களா என்று அவளுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் வண்டி நிறுத்துமிடத்தின் மூலையில் முதல் தடவையாக ஒரு இடம் காலியாக இருந்ததையும் அவள் பார்த்துவிட்டாள்.

“ஆறு மணின்னுதானே சொன்னீங்க?” என்றாள்.

“ஆறு மணி.”

ஆர்டிஸ் ஓடினாள். ஐம்பத்தாறு வயதில் அவள் ஓடியதை ஊர் பார்த்தது. பிக்கப்பைக் கொண்டுவந்து நிறுத்தி, சீட்டைக் கிழித்து ஒரு பாதியைக் கண்ணாடிக்குள் வைத்து, தூண்டிலோடு சரிவில் இறங்கியபோது மணி நாலு முப்பத்தைந்து.

மூன்றாவது வளைவில் புல் எல்லாம் மிதிபட்டுக் கிடந்தது. கரையில் இருபது ஜோடி பூட்ஸின் தடம். நேற்றிலிருந்து எத்தனை பேர் இங்கே நின்று தண்ணீரை அடித்திருப்பார்களோ. மீன் இருக்குமா என்றே அவளுக்குச் சந்தேகம் வந்தது. முழங்கால் போட்டு, எல்ம் மரத்தின் நிழல் தன் நிழலை மறைக்கிற மாதிரி உட்கார்ந்தாள். மான் மயிர்க்குஞ்சை மரத்துக்கு மேல்பக்கம் விழவிட்டு, நீரோட்டத்தோடு உள்ளே நுழையவிட்டாள்.

ஒன்றுமில்லை. மறுபடியும் போட்டாள். ஒன்றுமில்லை. ஐந்து மணி ஆனது. ஐந்து பத்து ஆனது. பன்னிரண்டாவது தடவையோ பதின்மூன்றாவது தடவையோ, குஞ்சு மரத்தின் இருட்டுக்குள் போய் மறைந்த அந்த நொடியில் நரம்பு நின்றது.

கல்லில் மாட்டிக்கொண்டது என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு கல் நகர்ந்தது.

தூண்டில் வில்லாக வளைந்தது. மீன் நேரே மரத்தின் வேர்களுக்குள் பாய்ந்தது, மூன்று வருடமாக அவளைத் தோற்கடித்த அதே வேலை. இந்தத் தடவை அவள் கரையில் நிற்கவில்லை. தொடை வரை குளிர்ந்த தண்ணீரில் இறங்கி, தூண்டில் கோலைத் தண்ணீருக்குள் முக்கால்வாசி அமுக்கி, பக்கவாட்டில் இழுத்தாள். நரம்பு சுற்றியிருந்த ரீல் கத்தியது. “வா, வா, வா வெளிய” என்று அவள் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள். வாய் உலர்ந்துபோயிற்று, கை கடுத்தது, சிரிப்பு சிரிப்பாக வந்தது. மீன் ஒருமுறை மேலே வந்து, மஞ்சள் வயிற்றைக் காட்டிப் புரண்டு, தண்ணீரை அவள் முகத்தில் அடித்துவிட்டு மறுபடி ஓடியது. அந்த ஓட்டத்தில் அவள் உயிர் பாதி போய்விட்டது. நரம்பு அறுபடவில்லை. மெல்ல மெல்ல, ஒரு ஜாண் ஒரு ஜாணாக, அது அவள் வலைக்குள் வந்து சேர்ந்தது.

அவள் அதைத் தண்ணீரை விட்டு எடுக்கவில்லை. கோலில் அங்குலம் அங்குலமாகக் கீறி வைத்திருந்த அடையாளத்தோடு வைத்து அளந்தாள். உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளி, செவுளுக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு பழைய தழும்பு. முகத்தைத் திருப்பி அவளையே ஒரு கண்ணால் பார்த்தது. “போ” என்றாள். அது ஒரு உதறு உதறிவிட்டுத் தன் மரத்தடிக்கே திரும்பிப் போனது. ஆர்டிஸ் தண்ணீரிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டாள். கொடுத்துவைத்தவள் என்று தன்னைப் பற்றித் தானே நினைத்துக்கொண்டாள்.

ஐந்து ஐம்பதுக்கு அவள் பெட்டிக்கு வந்தபோது யாரும் போயிருக்கவில்லை. மெர்ல், கிரெட்சென், டாக்டர் ஹாலோரன், அவர் நாய், வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த எல்லாரும் அப்படியே நின்றார்கள். வெர்லினும் லாரியை ஓரமாக நிறுத்திவிட்டு வந்திருந்தான். இடுப்பு வரை நனைந்து நின்ற அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்கக் கூடாதல்லவா.

அவள் சீட்டை எடுத்தாள். பெயர் எழுதினாள், ஊர் எழுதினாள். ‘கிடைத்தது’ என்ற இடத்துக்கு வந்ததும் கை தானாகவே ‘இல்லை’ என்று எழுதிவிட்டது. பழக்கம். அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்றாவது வளைவு இனி அவளுடையது இல்லை, அது போய்விட்டது. இந்த மீனையாவது தனக்கென்று வைத்துக்கொள்ளலாமே என்று ஒரு மனம் கெஞ்சியது. அவள் பென்சிலை அழுத்தி அந்த வார்த்தையை அடித்தாள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினாள்.

“பழுப்பு டிரவுட், ஒண்ணு. இருபத்தி மூணு அங்குலம். மூணாவது வளைவு, எல்ம் மரத்தடி. திரும்ப விட்டாச்சு.”

“இருபத்தி மூணா?” என்றான் பின்னாலிருந்து வெர்லின். “இருபத்திரண்டரைதான் அது.”

ஆர்டிஸ் திரும்பினாள்.

“செவுளுக்குப் பின்னால வெள்ளையா ஒரு தழும்பு இருக்குமே” என்றான். “நேத்து காலைல ஆறு மணிக்கு அளந்தேன். நாப்பது நிமிஷம் போராடிச்சு. நான் களைக்க வச்சு விட்டதாலதான் உனக்கு இன்னிக்கு இவ்வளவு சுலபமா வந்துச்சு.”

மூன்று வருடம். மூன்று வருடமாகத் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்த மீன். அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. ஆனால் அது வந்த வேகத்திலேயே வேறொன்றாக மாறிப்போனது. அந்த மீனின் கனத்தைக் கையில் உணர்ந்தவன் இந்த உலகத்தில் இன்னும் ஒருவன் இருக்கிறான், அவனிடம் அதைப் பற்றி விடிய விடியப் பேசலாம். கிடங்கில் ஒரு கிலோகூடக் கூட்டி எழுதாதவள், அரை அங்குலம் கூட்டி எழுதியிருந்தாள் என்பதும் உண்மை. அவள் இருபத்தி மூன்றை அடித்துவிட்டு இருபத்திரண்டரை என்று எழுதினாள். சீட்டைக் கிரெட்சென் கையில் கொடுத்தாள்.

“இவன் சீட்டை எடுங்க” என்றாள். “வி. பாக்கன்.”

கிரெட்சென் குவியலில் தேடி எடுத்தாள். ‘மீன், இல்லை’ என்று அதில் கோழிக்கிறுக்கலாக எழுதியிருந்தது. ஆர்டிஸ் பென்சிலைத் தம்பியிடம் நீட்டினாள். நூலில் கட்டியிருந்ததால் அவன் அவளுக்குப் பக்கத்தில் வந்து குனிந்துதான் எழுத வேண்டியிருந்தது. எழுதி முடித்து நிமிர்ந்தபோது அவனுக்குப் பின்னால் மெர்ல் நின்றார். மெர்லுக்குப் பின்னால், சட்டைக் கையில் செதில் ஒட்டியிருந்த அந்த ஆள் ஐஸ் பெட்டியோடு நின்றான்.

“நான் மூணு” என்றார் மெர்ல். “பென்சிலைக் கொஞ்சம் சீவிக் குடு, ஆர்டிஸ்.”